டேங்கில் எத்தனை லிட்டர்? – மாற்றியமைத்த பழைய கார்களில் பெட்ரோல் முள்ளைத் திருத்துவது



பழைய கார்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், பெயின்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் டேஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன முள்ளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எஞ்சின் மாற்றி, டேங்க் மாற்றி, வயரிங் புதிதாக இழுத்து, பல மாதம் பாடுபட்டு ஒரு வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருகிறோம். அதற்குப் பிறகு வருகிற முதல் புகார் பெரும்பாலும் பெட்ரோல் முள்ளைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. டேங்க் வழிய நிரப்பினாலும் முக்கால்தான் காட்டுகிறது. அல்லது பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே வண்டி நடுவழியில் நின்றுபோகிறது.

அதன்பின் நடப்பது உங்களுக்குத் தெரியும். டேங்குக்குள் மிதவையோடு இருக்கும் டேங்க் யூனிட்டை மாற்றுவார்கள், சரியாகாது. மீட்டரை மாற்றுவார்கள், வேறு மாதிரித் தவறாகக் காட்டும். கடைசியில் “பழைய வண்டின்னா அப்படித்தான் சார், கிலோமீட்டர் கணக்கு வச்சுப் போட்டுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஒரு மல்டிமீட்டர், நாலைந்து ரெசிஸ்டர், ஐந்து லிட்டர் கேன் ஒன்று, ஒரு விடுமுறை நாள் இருந்தால் அநேகமாக எந்த வண்டியின் முள்ளையும் நம்பும்படி ஆக்கிவிடலாம். நான் கேட்பது ஒன்றுதான். அளந்து பார்க்காமல் எதையும் கழற்றி மாற்றாதீர்கள்.

முள் தவறாகக் காட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். போர்டு மாடல் டி காரில் டேங்க் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் மீட்டரே கிடையாது. எஞ்சின் திணறினால் காலருகே உள்ள நெம்புகோலைத் திருப்பி ரிசர்வில் ஓட்டினார்கள். நம் ஊர் புல்லட்டில் ஓடிக்கொண்டே குனிந்து குழாயை ரிசர்வுக்குத் திருப்பிய தலைமுறை இந்த அவையிலேயே இருக்கிறது. அந்த வண்டிகளில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கார்புரேட்டருக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

மாற்றியமைத்த வண்டியில் கதை வேறு. இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு உயர் அழுத்த மின் பம்ப் வேண்டும். அந்தப் பம்பைக் குளிர்விப்பதும் உயவு தருவதும் அதற்குள் ஓடும் பெட்ரோல்தான். உலர்ந்து ஓடினால் பம்ப் கெடும். டேங்கின் அடியில் கொஞ்சமே இருக்கும்போது வளைவில் வேகமாகத் திருப்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் தடுமாறும். டீசல் எஞ்சின் வைத்த அம்பாசடர் என்றால் காற்று பிடித்து, ஏர் எடுத்து முடிக்கும்வரை ரோட்டோரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆகவே பழைய வண்டிக்குப் புது எஞ்சின் வைத்த அன்றே, முள்ளின் கடைசிக் கால் பகுதி முன்னைவிட முக்கியமாகிவிடுகிறது.

ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொண்டு பேசினால் விளங்கும். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரில் கட்டினார்கள். அதன் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அதனால் நம் மெக்கானிக்குகளுக்கு அது அந்நியமான வண்டி அல்ல. உலகம் முழுவதும் அந்தக் காருக்குச் செய்யப்படும் பெரிய மாற்றம், அந்த நாலு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு ரோவர் வி8 எஞ்சினை ஏற்றுவது. கம்பெனியே 1973 முதல் 1976 வரை 3528 சிசி வி8 வைத்து விற்றது. பிறகு வந்தவர்கள் ரேஞ்ச் ரோவரின் இன்ஜெக்‌ஷன் வி8-ஐ வைத்தார்கள். வைத்ததும் சிக்கல் டேங்குக்கு வந்து சேர்கிறது. கார்புரேட்டருக்கு ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 36 பிஎஸ்ஐ வேண்டும். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். பழைய இரும்பு டேங்குக்குப் பதில் அலுமினிய டேங்க் செய்கிறார்கள். அதில் பழைய டேங்க் யூனிட் பொருந்தாது என்று கடையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போடுகிறார்கள். டேஷ்போர்டில் மட்டும் ஸ்மித்ஸ் கம்பெனியின் பழைய மீட்டர் அழகுக்காக அப்படியே இருக்கிறது. எல்லாம் நல்ல பொருள்கள். ஆனால் முள் தவறாகக் காட்டும்.

காரணம் புரிய, அந்த மீட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு என்பது மீட்டருக்குத் தெரியாது. டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை. மிதவை ஏறி இறங்கும்போது கம்பியின் மறுமுனை ஒரு தடைச் சுருளின் மேல் உராய்ந்து நகரும். அந்தத் தடையின் வழியாக வண்டியின் எர்த்துக்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை மட்டுமே மீட்டர் அறியும். எம்ஜிபியில் 1960களின் நடுப்பகுதி முதல் வந்த ஸ்மித்ஸ் மீட்டர் வெப்பத்தால் இயங்குவது. இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி. கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளாமல் நிதானமாக எழுகிறது. அப்படி மெல்ல எழும் முள்ளைப் பார்த்தால் வெப்ப வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். உடனே பாய்ந்து நிற்பது காந்தச் சுருள் வகை. சோதனையின் முதல் படி இதுதான், இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

வெப்ப வகை மீட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. பேட்டரியின் வோல்ட் ஏறினால் முள்ளும் ஏறிவிடும். சூடு வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 வோல்ட்டில் இருக்க வேண்டிய சுற்றுக்கு 14 வோல்ட் போனால் சூடு ஏறக்குறைய இரட்டிப்பு. பாதி டேங்க் முழு டேங்காகத் தோன்றும். இதைத் தடுக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி வைத்தார்கள். உள்ளேயும் ஓர் ஈருலோகப் பட்டைதான். சூடாகித் தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். விட்டுவிட்டு வரும் அந்த 12 வோல்ட்டின் சராசரி 10 வோல்ட். மீட்டர் மெதுவாக நகர்வது என்பதால் இந்தத் துடிப்பு அதற்குத் தெரியாது.

இந்தப் பெட்டி வேலைசெய்ய அதன் உடல் வண்டியின் உலோகத்தில் நன்றாக எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் போய்விட்டால் உள்ளே பட்டையைச் சூடாக்கும் மின்சாரம் ஓடாது. தொடர்பு மூடியபடியே இருக்கும், முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். வண்டியைப் புதுப்பிக்கும்போது என்ன செய்கிறோம்? பின்சுவர் முழுக்க அழகாகப் பெயின்ட் அடித்து, பெயின்டின் மேலேயே அந்தப் பெட்டியைத் திருகுகிறோம். முள் எப்போதும் அதிகமாகக் காட்டும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அந்தத் திருகுக்கு அடியில் இருக்கும் பெயின்டைத்தான். பெட்டியைத் தலைகீழாகவோ படுக்கவைத்தோ மாட்டினாலும் சராசரி மாறும். ‘பி’ என்று குறித்த முனை மேலே இருக்க, செங்குத்தாக நிறுத்த வேண்டும். பழைய பெட்டியை மல்டிமீட்டரில் அளந்தால் எண்கள் 0-க்கும் 12-க்கும் இடையே குதிக்கும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் வேலையே அப்படித்தான்.

அதற்குப் பதில் இன்று 7810 என்ற மூன்று கால் ஐசியைப் பழைய தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்துச் சீரான 10 வோல்ட் எடுக்கிறார்கள். நல்ல மாற்றம், நானும் பரிந்துரைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த். பழைய ஈருலோகப் பட்டைக்கு எந்த முனை எர்த் என்ற வேறுபாடு கிடையாது, ஐசிக்கு உண்டு. வண்டி நெகட்டிவ் எர்த்துக்கு மாறிவிட்டதா என்று பார்க்காமல் அதை மாட்டினால் புகைதான் வரும்.

இன்னொரு துப்பும் இருக்கிறது. ஒரே ஸ்டெபிலைசரிலிருந்து பெட்ரோல் மீட்டரும் எஞ்சின் சூடு காட்டும் மீட்டரும் மின்சாரம் எடுக்கும் வண்டிகளில், இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறினால் குற்றவாளி ஸ்டெபிலைசர். ஒன்று மட்டும் தவறினால் அந்த மீட்டரின் பாதையில் தேடுங்கள். எம்ஜிபியின் பழைய மாடல்களில் சூடு காட்டுவது மின் மீட்டர் அல்ல, மெல்லிய குழாய் வழியாக இயங்குவது. ஆகவே அங்கே இந்தத் துப்பு உதவாது. ஆனால் வி8 ஏற்றியபோது மின் வகைச் சூடு மீட்டரை அதே பெட்டியில் சேர்த்திருந்தால் உதவும். உங்கள் வண்டியில் எது எங்கே கோத்திருக்கிறது என்பதைக் கம்பெனி வரைபடத்தை நம்பாமல் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றியமைத்த வண்டிக்குக் கம்பெனி வரைபடம் பாதிதான் பொருந்தும்.

இப்போது சிக்கலின் நடுவுக்கு வருகிறேன். ஒவ்வொரு கம்பெனியும் காலி டேங்குக்கு ஒரு தடையும் நிறைந்த டேங்குக்கு ஒரு தடையும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. ஸ்மித்ஸின் வெப்ப வகைக்கு, ஏறக்குறையச் சொன்னால், காலியில் 250 ஓம், நிறைவில் 20 ஓம். அமெரிக்க போர்டு கார்கள் நெடுங்காலம் காலியில் 73, நிறைவில் 10 என்று வைத்திருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நேர்மாறு: காலியில் 0. நிறைவில் 1964 வரை 30, 1965 முதல் 90. ஜெர்மனியின் விடிஓ-வில் காலியில் 10, நிறைவில் 180. கடைகளில் ‘யூனிவர்சல்’ என்று விற்கும் யூனிட்டுகள் பல காலியில் 240, நிறைவில் 33. ஓர் ஊர்ப் படியால் அளந்ததை இன்னோர் ஊர் மரக்காலின் கணக்கில் எழுதினால் களத்தில் நெல் எவ்வளவு என்பது எப்படித் தெரியும்? படியில் ஓட்டை இல்லை, மரக்காலிலும் இல்லை. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே தேறும். அதனால்தான் மாற்றி மாற்றிப் போட்டும் இந்தக் கோளாறு பிடிபடுவதில்லை.

சில பொருத்தமின்மைகள் முகத்திலேயே தெரியும். 1957 செவர்லே காரில் பழைய மீட்டரை வைத்துக்கொண்டு 90 ஓம் யூனிட்டைப் போட்டால், டேங்க் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் குறையக் குறைய நகராமல் இருந்துவிட்டு, கடைசியில் சரசரவென்று இறங்கும். நமது எம்ஜிபியில் விடிஓ யூனிட்டைப் போட்டால் முள் தலைகீழாக நடக்கும். பெட்ரோல் ஊற்ற ஊற்ற இறங்கும். உங்கள் வண்டியின் இரண்டு எண்களும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். நம் நாட்டு வண்டிகளுக்குக் கோவையில் 1975-இல் தொடங்கிய பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் மீட்டர்கள் செய்து தந்திருக்கின்றன. ஒரே கார் மாடலுக்கும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் வேறுபடக்கூடும். ஆகவே பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, யூனிட்டைக் கையில் பிடித்து மிதவையை அடிக்கும் உச்சிக்கும் அசைத்து ஓம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனை முறையைச் சொல்கிறேன். டேங்க் பக்கம் போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். டேங்க் யூனிட்டில் வயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும். யூனிட்டையே வெளியே எடுப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் அங்கே வேண்டவே வேண்டாம். இதில் எந்தப் பெரிய மெக்கானிக்குக்கும் விதிவிலக்கு இல்லை.

நெடுநாளாக நம் எலக்ட்ரீஷியன்கள் செய்யும் சோதனை, டேங்க் வயரைக் கழற்றி உடலில் தொடுவது. ஸ்மித்ஸ் வகையில் எர்த்தில் தொட்டால் முள் நிறைவுக்கு ஏற வேண்டும், கழற்றினால் காலிக்கு இறங்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வகையில் இதற்கு நேர்மாறு. வயர் அறுந்திருக்கிறதா என்று அறிய இது போதும். ஆனால் முள் இரண்டு கோடிக்கும் போகிறது என்பதால் நடுவில் சரியாகக் காட்டும் என்று ஆகிவிடாது. வெப்ப வகை மீட்டரை நேரடி எர்த்தில் நெடுநேரம் வைத்தால் உள்ளே சுற்றிய மெல்லிய கம்பிக்கும் நல்லதல்ல.

நான் விரும்புவது ரெசிஸ்டர் சோதனை. பிரிட்டிஷ் வண்டிகளில் மீட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் வயர் பச்சையில் கறுப்புக் கோடு போட்டது. அதை டேங்க் யூனிட்டிலிருந்து கழற்றி, நீளமான இன்னொரு வயர் கொடுத்து டேங்கைவிட்டுத் தள்ளிக் கொண்டுவாருங்கள். அந்த நுனிக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே 250 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். 1 வாட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். சாவியைத் திருப்பி ஒரு நிமிடம் பொறுங்கள். முள் காலியில் நிற்க வேண்டும். பிறகு 20 ஓம். முள் நிறைவில் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர், ஸ்டெபிலைசர், நீள வயரிங் அனைத்தும் ஒரே அடியில் குற்றமற்றவை ஆகிவிட்டன. இனித் தேட வேண்டியது டேங்கில் மட்டும். நிற்காவிட்டால் டேங்கைத் தொடவே வேண்டாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் போங்கள். பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிடும் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு.

டேங்க் பக்கம் தவறு என்றால் எர்த்தைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் மாற்றியமைத்த வண்டிகளின் முள் தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான். இரும்பு டேங்க் வண்டியின் உடலில் நேரே திருகியிருந்த காலத்தில் எர்த் தானாக வந்தது. அலுமினிய டேங்கை ரப்பர் பட்டைகளின் மேல் வைத்து, உடலுக்கும் கெட்டியாகப் பெயின்ட் பூசி, யூனிட்டுக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட்டும் ஒழுகாதிருக்கப் பசையும் போட்டபின் எர்த் எங்கிருந்து வரும்? முழுதாகப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். அரைகுறை எர்த்துதான் ஆளைச் சுற்றலில் விடும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். துருப்பிடித்த எர்த்தில் 20 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்மித்ஸ் வகையில் காலியில் 250 ஓம் இருந்தது 270 ஆகும். முள்ளுக்கு அது பெரிய மாற்றம் இல்லை. நிறைவில் 20 இருந்தது 40 ஆகும். இரண்டு மடங்கு! ஆகவே காலியைச் சரியாகக் காட்டி, எத்தனை நிரப்பினாலும் நிறைவை எட்டாத முள்ளைப் பார்த்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள். இதே 20 ஓம் விடிஓ யூனிட்டும் மீட்டரும் உள்ள வண்டியில் சேர்ந்தால் விளைவு வேறு. நிறைவில் 180, 200 ஆவது பெரிதல்ல. காலியில் 10 இருந்தது 30 ஆகும். டேங்க் வறண்டிருக்கும்போதும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாக முள் சொல்லும். ஒரே கோளாறு முதல் வண்டியில் பெட்ரோலைக் குறைத்துக் காட்டுகிறது, இரண்டாவது வண்டியில் ஆளை நடுரோட்டில் நிறுத்துகிறது. எர்த் முழுதாக அறுந்தாலும் இதே வேறுபாடுதான். ஸ்மித்ஸில் முள் காலிக்கு விழும், விடிஓ-விலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் நிறைவுக்கு ஏறும். எந்த யூனிட்டை வாங்குவது என்று என்னைக் கேட்டால், கெட்டுப்போகும்போது காலியைக் காட்டும் வகையை வாங்கச் சொல்வேன்.

எர்த்தைச் சோதிக்க, இக்னிஷனை அணைத்துவிட்டு மல்டிமீட்டரின் ஒரு கிளிப்பை யூனிட்டின் விளிம்பிலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் கவ்வவிடுங்கள். வயர்கள் எல்லாம் மாட்டியபடி இருக்கட்டும். பிறகு சாவியைத் திருப்பி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் யூனிட்டின் விளிம்பிலிருந்து உடலின் சுத்தமான உலோகத்துக்குத் தனி வயர் ஒன்று கொடுங்கள். கம்பெனியே எம்ஜிபியில் அப்படிக் கறுப்பு வயர் ஒன்று கொடுத்திருந்தது. புது டேங்க் செய்தவர்கள் அதைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

எர்த்தும் சரி, மீட்டரும் சரி, ஆனால் யூனிட்டின் ஓம் வேறு என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துச் சரிக்கட்டலாமே என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 73-க்கு 10 ஓம் எதிர்பார்க்கும் 1965 போர்டு மஸ்டாங் மீட்டருக்கு 240-க்கு 33 யூனிட். யூனிட்டுக்கு இணையாக 105 ஓம் போட்டால் காலியில் 73 வந்துவிடும். நிறைவில் 33-உம் 105-உம் இணைந்து ஏறக்குறைய 25 ஓம். மீட்டர் கேட்பது 10. எவ்வளவு நிரப்பினாலும் நிறைவு வராது. ஒரு ரெசிஸ்டர் ஒரு கோடியைத்தான் சரிசெய்யும், மறுகோடி விட்டுக்கொடுத்ததாக ஆகும். திசையே மாறியிருந்தால் உலகத்தில் உள்ள எந்த ரெசிஸ்டரும் உதவாது. எம்ஜிபியில் விடிஓ யூனிட்டைப் போட்டுவிட்டு ரெசிஸ்டர் தேடுவது வீண் வேலை. யூனிட்டை மாற்றுங்கள். 240-க்கு 33 யூனிட் ஸ்மித்ஸ் மீட்டருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். நிறைவில் 20-க்குப் பதில் 33 என்பதால் முள் சற்றுக் கீழே நிற்கும். அந்தக் குறையை மீட்டரிலேயே தீர்க்கலாம். ஸ்மித்ஸ் மீட்டரின் பின்புறம் கார்க் அடைத்த இரண்டு சிறு துளைகள் உண்டு. உள்ளே காலிக்கு ஒன்று, நிறைவுக்கு ஒன்று என்று திருத்தும் பற்கள். 33 ஓம் ரெசிஸ்டரை வைத்து, 10 வோல்ட் கொடுத்து, முள் நிறைவில் நிற்கும்வரை மெல்லத் திருகுங்கள். ஒன்றைத் திருகினால் மற்றது கொஞ்சம் நகரும். இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். கம்பெனி நமக்காக விட்டுவைத்த இந்த வசதியை அறியாமல் மீட்டரைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடையில் வைத்து ஓம்களை மொழிபெயர்க்கும் மின்னணுப் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. எந்த யூனிட்டையும் எந்த மீட்டரோடும் சேர்க்கலாம், திசையையும் மாற்றலாம், நடுப்புள்ளிகளையும் திருத்தலாம். அரிய பழைய மீட்டரை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் எர்த்தைச் சரிசெய்தபின்தான் அதை மாட்ட வேண்டும். கெட்ட எர்த்தோடு திருத்தினால் பெட்டி அந்தக் கோளாறையே கணக்கில் எழுதிக்கொள்ளும். மழைக்காலத்தில் எர்த் இன்னும் கெடும்போது கணக்கும் கெடும்.

மிதவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கும். முள் எப்போதும் காலி. காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும். அதைச் சால்டர் வைத்து அடைக்கும் வழக்கம் உண்டு. உள்ளே பெட்ரோல் இருக்கும் மிதவையில் சூட்டுக்கோலை வைப்பது உயிரோடு விளையாடுவது. புது மிதவை மலிவு, வாங்கிப் போடுங்கள். 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்க் மிதவையின் மேல் பூசிய வார்னிஷைக் கரைக்கும். பழைய ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். தடைச் சுருள் அரிக்கப்படுவதும் கூடும். அசையும் பாகமே இல்லாத கெபாசிட்டர் வகை யூனிட்டை வைத்தவர்களுக்கு வேறொரு தொல்லை. அது பெட்ரோலின் மின் பண்பை அளந்து மட்டத்தைக் கணிப்பது. அந்தப் பண்பு எத்தனாலில் பெட்ரோலைவிடப் பல மடங்கு அதிகம். சுத்தப் பெட்ரோலுக்குத் திருத்திய யூனிட் இ20-இல் தவறாகத்தான் காட்டும். எதை ஊற்றி ஓட்டப்போகிறீர்களோ அதையே ஊற்றித் திருத்த வேண்டும்.

கடைசியாக லிட்டர் கணக்கு. எம்ஜிபியின் பழைய டேங்க் 1965 முதல் 12 கேலன், ஏறக்குறைய 54 லிட்டர். புது டேங்கின் வடிவம் அதுவாக இருக்காது. மிதவை உயரத்தைத்தான் காட்டும். பாதி உயரம் பாதிப் பெட்ரோல் ஆவது செவ்வகப் பெட்டியில்தான். ஆகவே டேங்கை முழுக்க வடித்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முள் அடங்கும்வரை பொறுத்து, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து லிட்டருக்கு ஒரு லிட்டராக ஊற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது. மேல்பாதி கொஞ்சம் தவறினால் விட்டுவிடலாம். கீழே முள் காலியைத் தொடும்போது, வளைவில் திரும்பினாலும் பம்ப் காற்றை இழுக்காத அளவுக்குப் பெட்ரோல் டேங்கில் இருக்க வேண்டும். அது எத்தனை லிட்டர் என்பது உங்கள் டேங்கின் தடுப்புகளைப் பொறுத்தது. மிதவைக் கம்பியைச் சற்று வளைத்தால் அந்த இடத்தை மேலே கீழே நகர்த்தலாம். திரும்பிவரும் குழாய் மிதவைக்குப் பக்கத்தில் கொட்டும்படி டேங்கை வடிவமைத்திருந்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். மெதுவான ஸ்மித்ஸ் மீட்டர் அந்த ஆட்டத்தை ஓரளவு மறைக்கும், காந்த வகை அப்படியே காட்டிக்கொடுக்கும். டேங்க் செய்யக் கொடுக்கும்போதே குழாயை எதிர்க்கோடியில் வைக்கச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு அறையில் வையுங்கள். யூனிட்டின் இரண்டு ஓம், மீட்டர் எந்த வகை, ஸ்டெபிலைசர் எங்கே இருக்கிறது, எர்த் வயர் எங்கே திருகியிருக்கிறது, எத்தனை லிட்டருக்கு முள் எங்கே நிற்கும், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். இந்த வண்டியை அடுத்துத் திறக்கும் மெக்கானிக்குக்கு வேறெந்த வரைபடமும் கிடைக்காது.

மேசைமேல் ஒரு ஸ்மித்ஸ் மீட்டரையும், 10 வோல்ட் கொடுக்கும் ஐசியையும், 20 ஓம் முதல் 250 ஓம் வரை ரெசிஸ்டர்களையும் கோத்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். மாணவர்கள் முதலில் வந்து மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். 20 ஓம் கூடினால் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, கேள்விகளுக்குப் போகலாம்.